டர்பன் கூரையின் மேல் பத்து மெகாஹெர்ட்ஸ்

துல்லிய நேரத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது, எந்த ஆசிலேட்டர் (சீரான அதிர்வுகளைத் தரும் மின்கருவி) வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். ருபிடியம் அணுக்கடிகாரம் என்றால் மரியாதை கூடும். வெறும் குவார்ட்ஸ் என்றால் பேச்சின் சூடு சற்றுத் தணியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைக் கொண்டு நேரம் பிடிக்கும் இந்த வேலையில் இறங்க நினைப்பவர் என்னிடம் யோசனை கேட்டால், முதலில் பேட்டரி, அடுத்து ஆன்டெனா, மூன்றாவதுதான் ஆசிலேட்டர் என்பேன். இந்த வரிசையைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு என்பதால் காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலும் ருபிடியம் அல்லது சீசியம் அணுக்கடிகாரம் இருக்கிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்து சுற்றும் அந்தக் கடிகாரம், தரையில் இருக்கும் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்தும் என்பது சார்பியல் கணக்கு. அதனால் ஏவுவதற்கு முன்பே அதன் அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்து அனுப்புகிறார்கள், அனுப்பிய பிறகும் தரையிலிருந்து ஓயாமல் கண்காணிக்கிறார்கள். ஆகவே நம் வீட்டு ஜி.பி.எஸ். ரிசீவர் நொடிக்கொரு முறை தரும் துடிப்பு, நாள்கணக்கில் பார்த்தால் நம் கைக்கு எட்டும் எந்தக் கடிகாரத்தையும் விட நம்பகமானது. நொடிக்கணக்கில் பார்த்தாலோ அது ஒரு தள்ளாட்டம்: ஒரு துடிப்பு 10 நானோநொடி முந்தி வரும், அடுத்தது அதே அளவு பிந்தி வரும். ஒரே நொடிக்குள் 10 நானோநொடி என்பது பத்துக் கோடியில் ஒரு பங்குப் பிழை. அதே 10 நானோநொடியை ஒரு நாள் முழுவதற்கும் பரப்பினால் பிழை பத்து லட்சம் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

சிறு அடுப்புக்குள் சீரான சூட்டில் வைக்கப்பட்ட குவார்ட்ஸ் படிகத்தின் குணம் இதற்கு நேர் எதிரானது. ஓ.சி.எக்ஸ்.ஓ. எனப்படும் இந்த அடுப்புக் குவார்ட்ஸில் நல்லது ஒன்று, ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் இடையே லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் பிசகும். ஆனால் படிகம் மூப்படைவதால் அது நாளுக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு போல ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போகும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பிணைப்பதுதான் ஜி.பி.எஸ்.டி.ஓ. என்ற கருவி. குவார்ட்ஸின் 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வை (நொடிக்கு ஒரு கோடி) வானத்துத் துடிப்போடு ஒப்பிட்டு, வேறுபாட்டை நீண்ட நேரம் சராசரி எடுத்து, படிகத்தின் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மிக மெல்ல நகர்த்துகிறார்கள். எவ்வளவு நேரம் சராசரி எடுப்பது என்பதில்தான் இந்தக் கலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கைபேசிக் கோபுரங்களிலிருந்து கழித்துக் கட்டப்பட்டு நம்மைப் போன்றவர்களிடம் வந்து சேரும் டிரிம்பிள் தண்டர்போல்ட் கருவியில் இந்தச் சராசரி நேரம் (கால மாறிலி) 100 நொடி என்று வைக்கப்பட்டிருக்கும். கருவியைக் கணினியிலிருந்து கவனித்துக் கட்டுப்படுத்தும் லேடி ஹெதர் மென்பொருளில் அதைப் பல நூறு நொடிகளுக்கு உயர்த்தினால் வெளியீடு தெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அளவுக்கு மீறி உயர்த்தினால் அறையின் வெப்பநிலை உள்ளே புகுந்துவிடுகிறது; டர்பனின் பிப்ரவரி மாதத்தில் மின்விசிறியை ஓடவிட்டு நிறுத்துவதுகூட வரைபடத்தில் ஒரு மேடாகத் தெரியும். மின்விசிறிக் காற்று படாத அலமாரியும் கருவியின் மேல் கவிழ்த்த ஓர் அட்டைப்பெட்டியும், விலையைப் பார்க்கும்போது வியக்கத்தக்க பலன் தருகின்றன.

இப்போது பேட்டரி. அடுப்பின் சூட்டில் வாழும் படிகத்தை அணைத்துவிட்டு மீண்டும் ஏற்றினால் அது விட்ட இடத்துக்கே திரும்பி வருவதில்லை. ஒரு நாள் குளிர்ந்து கிடந்த படிகம், தரத்தைப் பொறுத்து, நூறு கோடியில் சில பங்கு வரை தள்ளி நிற்கும், பிறகு பல மணி நேரமோ பல நாட்களோ எடுத்துக்கொண்டு தன் பழைய போக்குக்கு வரும். இரண்டு மணி நேர லோட் ஷெட்டிங் (அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்துவது) எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்த ஒன்று. 2023-ஆம் ஆண்டில் அது ஒரே நாளில் பல முறை வந்தது. ஒவ்வொரு முறையும் கருவி குளிர்ந்து, சூடேறி, செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்து, படிகத்துக்கும் வானத்துத் துடிப்புக்கும் மீண்டும் பூட்டு விழுவதற்குள் அடுத்த அட்டவணை வந்துவிடும். அது வாரக்கணக்கில் கற்றுவைத்திருந்த மூப்பு விகிதம் ஒவ்வொரு தடவையும் வீணாகும். இத்தகைய மின்சாரத்தில் ஆயிரக்கணக்கான ராண்ட் கொடுத்து ருபிடியம் வைப்பவரைவிட, வாயிற்கதவு மோட்டாருக்குப் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சாதாரண குவார்ட்ஸுக்குக் கொடுத்து அதை ஒருபோதும் குளிரவிடாமல் வைத்திருப்பவர் நல்ல நேரம் காண்பார். சூடேறி நிலைபெற்ற தண்டர்போல்ட் சுமார் 10 வாட் அளவில்தான் இழுக்கும் என்பதால் அந்தச் சிறு பேட்டரியே இரண்டு மணி நேரத்தைத் தாங்கிவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பேட்டரியின் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மலிவான ஸ்விட்சிங் கன்வெர்ட்டர்கள் தம் சொந்த இரைச்சலை 10 மெகாஹெர்ட்ஸின் இருபுறமும் ஒட்டிவிடும். அவற்றுக்குப் பின்னால் இரைச்சலைத் தணிக்கும் ஒரு லீனியர் ரெகுலேட்டர் வைத்தால் கொஞ்சம் சூடு வீணாகும்; அது கொடுக்கத்தக்க விலைதான்.

ஆன்டெனாவைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் வடக்கு அரைக்கோளத்துக்காரர்கள் எழுதியவை. ஜி.பி.எஸ். சுற்றுப்பாதைகள் நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்திருப்பதால் செயற்கைக்கோள் எதுவும் துருவத்தின் நேர்மேலே போவதில்லை; அவர்களுக்கு வடவானத்தில் விழும் வெற்றிடம் எங்களுக்குத் தென்வானத்தில் விழுகிறது. ஏறத்தாழ 30 பாகைத் தெற்கில் உள்ள டர்பனிலிருந்து நேர் தெற்கே பார்த்தால், வானத்தில் பாதி உயரத்துக்கும் மேலிருந்து அடிவானம் வரை செயற்கைக்கோளே கிடையாது. எனவே டர்பனின் சாட்ஸ்வொர்த் போன்ற மேட்டுப் பகுதிகளில் பக்கத்து வீட்டுச் சுவரோ மரமோ ஒரு திசையை மறைத்தே தீரும் என்றால், அது தெற்காக இருக்கும்படி இடம் தேடுங்கள். தெற்கே திறந்த வானம் வேண்டும் என்று கையேடு சொன்னால் அதைத் திருப்பிப் படியுங்கள். ஆன்டெனாவை அசையாமல் பொருத்திய பிறகு, கருவி ஆயிரக்கணக்கான அளவீடுகளைச் சராசரி எடுத்துத் தன் இருப்பிடத்தை உறுதிசெய்துகொள்ளும். இருப்பிடம் தெரிந்துவிட்டால் நேரம் மட்டுமே அறியப்படாத எண்ணாக மிஞ்சுகிறது, அதற்கு ஒரு செயற்கைக்கோளே போதும். இருப்பிடத்தில் 30 சென்டிமீட்டர் பிழை என்றால் நேரத்தில் ஒரு நானோநொடி போய்விடலாம் என்பதால் இந்த வேலைக்கு ஒரு முழு நாளைக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

கேபிளும் நேரம் தின்னும். கேப் டவுனில் நண்பகல் பீரங்கியை வைத்துக் கடிகாரம் திருத்திய மாலுமிகள், ஓசைக்குக் காத்திராமல் புகையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதே கணக்குதான் இங்கும், அளவு மட்டும் வேறு. டி.வி. டிஷ்ஷுக்கு இழுக்கும் ஆர்.ஜி.6 கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 4 நானோநொடி தாமதம் ஏற்படும். நீளத்தை அளந்து கருவியில் பதிந்துவிட்டால் அது தீர்ந்துவிடும். அதிர்வெண் மட்டும் வேண்டுபவர்கள் இதை மறந்துவிடலாம், மாறாத தாமதம் அதிர்வெண்ணை மாற்றுவதில்லை. வானின் மேலடுக்கான அயனி மண்டலம் அலைகளுக்குத் தரும் தாமதம்தான் பகலுக்கும் இரவுக்கும் மாறிக்கொண்டே இருப்பது. ஒற்றை அலைவரிசை ரிசீவர்கள் செயற்கைக்கோள் அனுப்பும் மாதிரியைக் கொண்டு அதில் ஏறக்குறைய பாதியைத்தான் திருத்துகின்றன, மீதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய தண்டர்போல்ட் காட்டும் தேதியைக் கண்டு யாரும் திடுக்கிட வேண்டாம்: ஜி.பி.எஸ். வார எண்ணின் 1,024 வாரச் சுழற்சி (அத்தனை வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்புவது) காரணமாக 2017 ஜூலை 30 முதல் அது ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் இருக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

இவ்வளவும் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். காவடி புறப்படும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்பின்னாகச் சொல்லிப் பழகிய ஊரில் அது நியாயமான கேள்விதான். என் பதில் கியூ.ஓ.-100. நிலைச் சுற்றுப்பாதையில் இருக்கும் அந்தச் செயற்கைக்கோளில் அமெச்சூர் வானொலிக்காரர்களின் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் 10,489 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலிபரப்புகிறது, டர்பனிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேர் வடக்கே. டிஷ்ஷின் முனையில் அலையைப் பிடிக்கும் சாதாரண எல்.என்.பி.க்குள் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் 390 மடங்காகப் பெருக்கப்பட்டு 9,750 மெகாஹெர்ட்ஸ் ஆகி, வரும் அலையின் அதிர்வெண்ணைக் கீழிறக்குகிறது. படிகம் ஒரு ஹெர்ட்ஸ் பிசகினால் கேட்கும் குரல் 390 ஹெர்ட்ஸ் தள்ளிப்போய் வாத்துக் கத்துவதுபோல் ஒலிக்கும். வெயில் ஏறினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகுவது அத்தகைய படிகத்துக்குச் சர்வ சாதாரணம், அது ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ். அந்த 25 மெகாஹெர்ட்ஸைக் கூரைக்கடியில் இருக்கும் ஜி.பி.எஸ்.டி.ஓ.வின் 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து உருவாக்கி எல்.என்.பி.க்கு ஊட்டினால் காலையில் வைத்த டயல் மாலை வரை அப்படியே நிற்கும்.

ருபிடியத்தை நான் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. மின்னலுக்குப் பயந்து இடிமழைக் காலத்தில் ஆன்டெனாவை மணிக்கணக்கில் கழற்றி வைப்பவருக்கு அது உதவும், ஏனெனில் வானம் இல்லாத நேரத்தில் குவார்ட்ஸைவிட அது வெகு மெல்ல விலகும். அப்படி வாங்குபவர், பழைய கருவிகளில் ருபிடியம் விளக்கு தேய்ந்திருக்கும் என்பதால், விளக்கு மின்னழுத்த அளவைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும். பேட்டரியையும் பெரிதாக்கிக்கொள்ளட்டும், ருபிடியத்தின் சூடு குவார்ட்ஸ் அடுப்பைவிட அதிக மின்சாரம் தின்னும்.