குசினிக்குள் நான்கு ஆண்கள்

1994 மார்கழியில் கனடாவில் மொன்றியல் வந்து இறங்கினேன். கோத்-தே-நேஜில் ஒற்றையறை வீடு, நாலு பேர். எல்லாருக்கும் கோப்பை கழுவுகிற வேலை, எல்லாருடைய மனிசிமாரும் ஊரில். அகதி வழக்கு, சீட்டுக்காசு, சண்டைச் செய்தி எல்லாம் கதைப்போம். இரவில் நித்திரை வராமல் புரளுகிற காரணத்தை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

காது பழகட்டும் என்று பிரெஞ்சு வகுப்பு ரீச்சர் ஒரு வீடியோ கொப்பி தந்தா. தெனி ஆர்க்கான் 1986இல் எடுத்த 'அமெரிக்கப் பேரரசின் வீழ்ச்சி'. பெயரைப் பார்த்து அரசியல் படம் என்றுதான் நினைத்தோம். மெம்ஃப்ரெமகாக் ஏரிக்கரையில் ஒரு வீடு. இங்கே அதை ஷாலே என்பார்கள். உள்ளே நான்கு ஆண்கள் மீனை மாவுறைக்குள் பொதிந்து இரவுச் சாப்பாடு செய்கிறார்கள். பெண்கள் நகரத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில். இரண்டு பக்கமும் ஒரே கதை: ஆசை. பெண்களும் அப்படியே உடைத்துப் பேசியதுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறைக்கு நாங்கள் சொல்லும் 'குசினி'யும் அவர்களுடைய 'குயிசீனும்' காதுக்கு ஒன்றாகவே கேட்டன.

சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த நாலு ஆண்களில் ஒருவனான ரெமியோடு படுத்ததை, அவனுடைய மனைவி லூயிஸ் இருக்கவே, தொமினிக் என்பவள் சொல்லிவிடுகிறாள். லூயிஸின் முகம் உடைவதற்குப் பிரெஞ்சு தெரியத் தேவையில்லை. ரெமியை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் விடியும்போது எல்லாரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். லூயிஸ் இன்னொருத்தியோடு சேர்ந்து பியானோ வாசிக்கிறாள். 2003இல் வந்த தொடர்ச்சியில் ரெமி சாகக் கிடக்கும்போதும் அந்தப் பழைய கூட்டாளிகள்தான் ஏரிக்கரையில் சுற்றி இருக்கிறார்கள்.

படம் பார்த்த அடுத்த ஞாயிறு எங்களில் மூத்த அண்ணை மீனுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டு நின்றார். கத்தியை நிறுத்தாமலே சொன்னார்:

"அவள் தோய்ஞ்சுபோட்டு வந்தா தலைமயிரில ஒரு வாசம் இருக்கும் தம்பி. அஞ்சு வரியமாச்சு. இப்ப நினைச்சாலும் வருதில்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் தன் மனிசியைப் பற்றித் தொடங்கினார், பிறகு நான். அன்று சோறு இறக்க இரவு பதினொரு மணியாகிவிட்டது.