மொம்பாசா: வேளை பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்

கென்யாவின் மொம்பாசாவுக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தங்கும் விடுதியில் காலைச் சாப்பாடு வேண்டாம் என்பதுதான். வெளிச்சம் வந்ததும் பழைய நகரத்துச் சந்துகளுக்குள் இறங்கிவிடுங்கள். சுவாஹிலி மக்கள் பொழுது விடிந்ததிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. அந்நேரத்துக்குள் சட்டியிலிருந்து மஹாம்ரி இறங்கியிருக்கும்.

கோதுமை மாவில் தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய், ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, பொங்கவிட்டு, முக்கோணமாக வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். நன்றாக உப்பி, உள்ளே வெற்றிடமாக இருக்கும். தொட்டுக்கொள்ள ம்பாஸி. முழுத் துவரையை வேகவைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்ட கெட்டிக் குழம்பு அது. துவரையை உடைத்துப் பருப்பாக்கியே சாப்பிட்டு வளர்ந்தவன் நான். தோலோடு குழைந்த துவரைக்கு இத்தனை ருசி உண்டென்பது அங்கேதான் தெரிந்தது. இனிப்பு மஹாம்ரியைப் பிய்த்து, உப்புச்சுவையுள்ள அந்தக் குழம்பில் தோய்த்து, இஞ்சி போட்ட பால் டீயோடு சாப்பிட வேண்டும். கடைக்கார அம்மா மரப்பலகையில் உட்கார்ந்து, அதன் நுனியில் பதித்த பல் இரும்பில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நம் வீட்டுத் துருவுமனையேதான்.

வயிறு நிறைந்தபின் ந்தியா கூ தெரு வழியாக, செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கதவுகளைப் பார்த்தபடி ஜீசஸ் கோட்டைக்கு நடக்கலாம். போர்த்துகீசியர்கள் 1593இல் கட்டத் தொடங்கியது. 1698இல், கிட்டத்தட்ட மூன்று வருட முற்றுகைக்குப் பிறகு, ஓமானியர் கைக்குப் போனது. பிரிட்டிஷார் அதைச் சிறையாக்கினார்கள், இப்போது அருங்காட்சியகம். உச்சி வெயிலுக்கு முன் பார்த்து முடித்துவிடுங்கள். நடுப்பகலில் தெருவே அடங்கிக் கிடக்கும். அப்போது வண்டிக்காரர் வெட்டித் தரும் இளநீரும், உக்வாஜு எனும் புளிச் சாறும் போதும்.

வெயில் சாய்ந்ததும் கரி அடுப்புகள் வெளியே வருகின்றன. மசாலாவில் ஊறிய மாட்டிறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடும் மிஷ்காகி, கடலைமாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கான வியாஸி கராய், சுட்ட மரவள்ளிக்கிழங்கில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும். இவற்றில் என் ஓட்டு வியாஸி கராய்க்கு, அதுவும் புளிச் சட்னி தாராளமாக ஊற்றினால். இவற்றுக்கு மாமா ங்கினா கடற்கரைக்குப் போவதே சரி. கிலிண்டினி துறைமுகத்துக்குள் நுழையும் பெரிய கப்பல்கள் கரைக்கு வெகு அருகில் கடக்கும். மேலே பருத்த பொந்தன்புளி மரங்கள். கையில் அதே மரத்து விதையைச் சர்க்கரைப் பாகில் புரட்டிச் சிவப்பேற்றிய மபூயு. குழந்தைகளின் நாக்கெல்லாம் சிவந்திருக்கும்.

இரவு பழைய நகரத்துக்கே திரும்பி, பித்தளைக் கூஜாவிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தரும் கசப்புக் காப்பி குடியுங்கள். சர்க்கரை கேட்காதீர்கள், கூடவே கஷாட்டா எனும் வேர்க்கடலை மிட்டாய் இருக்கிறது.

ரமலான் மாதத்தில் போனால் இந்தக் கணக்கு தலைகீழ். பகலில் பழைய நகரத்தில் சாப்பாடு கிடைப்பது கடினம். அஸ்தமனத்துக்குச் சற்று முன்பு வாருங்கள். அப்போது வீட்டு வாசல்களிலேயே மேசை போட்டு பஜியா, சமூசா, மஹாம்ரி எல்லாம் விற்பார்கள்.