கடான்யோ ஏரியின் ஊதா அடுக்கு: அங்கே வாழ்வது என்ன, அதை எப்படி அளப்பது

சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாகாணத்தில், பியோரா பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து 1,921 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கடான்யோ ஏரி. அதிகபட்ச ஆழம் 21 மீட்டர். கரையில் நின்று பார்த்தால் மற்ற மலையேரிகளைப் போலத் தெளிந்த நீர்தான். ஆனால் கோடையின் கடைசியில் 11, 12 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் நீர் இளஞ்சிவப்பாகக் கலங்கி வரும். அழுகிய முட்டை நாற்றமும் கூடவே வரும். அந்த நிறம் ஊதா கந்தக பாக்டீரியாக்களுடையது.

தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் தெரியும் சிவப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நிறம் தருபவை கடும் உப்பில் வாழும் ஆர்க்கியாக்களும் (பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு நுண்ணுயிர்க் குழு) துனாலியெல்லா என்ற பாசியும். அவை ஆக்சிஜன் உள்ள இடத்தில், வெட்டவெயிலில் வாழ்பவை. ஊதா கந்தக பாக்டீரியாவுக்கு வேண்டிய சூழல் கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானது: மங்கிய ஒளி, ஆக்சிஜன் தீர்ந்துபோன நீர், கீழேயிருந்து ஊறி வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் ஆழம் ஓர் ஏரியில் மிகக் குறுகியது. அதனால்தான் இந்த உயிர்களைப் பற்றிய எந்தக் கணக்கையும் சென்டிமீட்டரில் போட வேண்டும் என்கிறேன். மீட்டர் கணக்கில் அளந்த தரவுகள் இவற்றின் கதையைத் தவறாகவே சொல்லும்.

முதலில், ஏரியின் மேல்நீரும் அடிநீரும் ஏன் கலப்பதில்லை என்பதைப் பார்ப்போம். பியோராவின் பாறைகளில் டோலமைட்டும் ஜிப்சமும் உண்டு. அவற்றின் ஊடாக வரும் நீரூற்றுகள் ஏரியின் அடியில் திறக்கின்றன. சல்ஃபேட்டும் கால்சியமும் கரைந்த கனமான நீர் அடியில் தங்கிவிடுகிறது. மழையும் பனியுருகலும் தரும் லேசான நீர் அதன் மேல் மிதக்கிறது. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து புரளும்போதும் அடிநீர் அசைவதில்லை. அங்கே ஆக்சிஜன் தீர்ந்தபின், ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் சேற்றில் இருந்தபடி ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. இரண்டு நீரும் சந்திக்கும் எல்லைக்கு ஆய்வாளர்கள் கீமோக்ளைன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊதா அடுக்கு அங்கேதான் இருக்கிறது.

பச்சைத் தாவரம் ஒளிச்சேர்க்கைக்கு நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. ஊதா கந்தக பாக்டீரியா நீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொள்கிறது. அதனால் கழிவாக வருவது ஆக்சிஜன் அல்ல, கந்தகம். இந்த ஒப்புமையை வைத்துத்தான் நுண்ணுயிரியலாளர் வான் நீல் 1931-ல், தாவரம் விடும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்ற முடிவை நோக்கி நகர்ந்தார். குரோமேட்டியம் போன்ற ஊதா வகைகள் கந்தகத்தைச் செல்லுக்குள்ளேயே உருண்டைகளாகச் சேர்த்து வைக்கும். சல்ஃபைடு குறையும்போது அந்த உருண்டைகளையே எரித்து சல்ஃபேட்டாக்கிவிடும். பச்சை கந்தக பாக்டீரியா உருண்டைகளை வெளியே தள்ளும். நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிய இது நல்ல அடையாளம்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆழமும் நிறமும் இங்கே பிரிக்க முடியாதவை. ஊதா கந்தக பாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கை நிறமியான பாக்டீரியோகுளோரோஃபில் ஏ நன்றாக உறிஞ்சுவது 800 முதல் 890 நானோமீட்டர் வரையான அகச்சிவப்பை. ஆழமில்லாத குட்டையிலும் கடலோரச் சேற்றுப் படலத்திலும் அது பெரிய வசதி, மேலே உள்ள பாசிகள் அந்த ஒளியைத் தொடுவதில்லை. ஆழ்ந்த ஏரியில் அந்த வசதி கிடையாது. 850 நானோமீட்டர் ஒளியை நீரே விழுங்கிவிடும், ஒரு மீட்டர் கடப்பதற்குள் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். நீலத்தையும் சிவப்பையும் மேலடுக்குப் பாசிகள் எடுத்துக்கொள்ள, 11 மீட்டரில் எஞ்சுவது பெரும்பாலும் பச்சை ஒளி. அதைப் பிடிக்க ஒக்கினோன் என்ற கரோட்டினாய்டு இருக்கிறது. அது 500-களின் முற்பகுதி அலைநீளங்களை உறிஞ்சி ஆற்றலைக் கைமாற்றுகிறது. பச்சை போய்விட்டால் கண்ணுக்கு எஞ்சுவது ஊதாவும் சிவப்பும். ஆழ ஏரிகளில் ஒக்கினோன் உள்ள இனங்களே மேலோங்குவதற்கு இதுதான் காரணம். ஒக்கினோன் சிதைந்து உண்டாகும் ஒக்கினேன், ஆஸ்திரேலியாவின் பார்னி கிரீக் பாறைகளில் கிடைத்திருக்கிறது. அவற்றின் வயது சுமார் 164 கோடி ஆண்டுகள்.

இதே அடுக்கில் பச்சை கந்தக பாக்டீரியாவும் போட்டியிடுகிறது. அதற்கு இன்னும் குறைந்த ஒளி போதும், கூடுதல் சல்ஃபைடையும் தாங்கும், ஆக்சிஜன் மட்டும் ஆகாது. ஊதா வகைகளில் பல சிறிதளவு ஆக்சிஜனைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே பொதுவாக ஊதா மேலே, பச்சை கீழே. ஊதா அடுக்கு தடித்தால் கீழே இருப்பதற்கு ஒளி குறையும்.

எண்ணிக்கையை வைத்து இங்கே யார் முக்கியம் என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். 2008-ல் வெளியான கடான்யோ ஆய்வு ஒன்றில், கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளைக் கொடுத்து, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று தனித்தனிச் செல்லின் ஐசோடோப்புகளை அளக்கும் நானோசிம்ஸ் கருவியால் அளந்தார்கள். குரோமேட்டியம் ஒகெனி என்ற ஊதா இனம் மொத்த செல்களில் சுமார் 0.3 சதவீதம்தான். ஆனால் அம்மோனியத்தில் 40 சதவீதத்துக்கு மேல், கார்பனில் 70 சதவீதம் அதன் வழியாகப் போனது. காரணம் உடலளவு. ஒகெனி செல் 8 முதல் 15 மைக்ரோமீட்டர் நீளம் வரை வளரும். பக்கத்தில் இருக்கும் லாம்ப்ரோசிஸ்டிஸ் என்ற மற்றோர் ஊதா வகைச் செல்லின் கன அளவோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு பெரியது.

ஒகெனிக்குக் கசையிழைக் கற்றை உண்டு, நீந்தும். லாம்ப்ரோசிஸ்டிஸும் தையோடிக்டியான் என்ற ஊதா வகையும் வாயு நுண்பைகளால் மிதப்பைச் சரிசெய்கின்றன. ஒகெனி மேல்நோக்கி நீந்தி அடுக்கின் மேல்விளிம்பில் குவியும்போது அந்த நீர் சற்றுக் கனமாகிறது, கனமான நீர் சரிந்து இறங்குகிறது, மீண்டும் நீந்தி ஏறுகின்றன. இந்தச் சுழற்சி சில சமயம் ஒரு மீட்டர் தடிமன் வரை நீரைச் சீராகக் கலக்கிவிடுகிறது. 2017-ல் வெளியான அளவீடுகள் இதைக் காட்டின. வெப்பநிலை, கடத்துதிறன் வரைபடத்தில் கீமோக்ளைனுக்குள் ஒரு செங்குத்துக்கோடு தெரிந்தால் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம்.

இனி அளவீடு. படகை முன்னும் பின்னும் இரண்டு நங்கூரங்களில் கட்ட வேண்டும், அல்லது நிலையான மிதவையிலிருந்து வேலை செய்ய வேண்டும். கயிறு சாய்வதே முதல் பிழை. 12 மீட்டர் கயிறு 20 டிகிரி சாய்ந்தால் உண்மை ஆழம் 11.3 மீட்டர்தான், அடுக்கையே தவறவிட அது போதும். அடியில் கனமான எடை கட்டுங்கள், ஆழத்தைக் கயிற்றின் குறியில் அல்லாமல் அழுத்த உணரியில் படியுங்கள். கடத்துதிறன், வெப்பநிலை, ஆக்சிஜன், கலங்கல், ஒளி ஆகியவற்றை அளக்கும் கருவியை நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் இறக்குங்கள். இறங்கும்போது பதிந்த தரவை மட்டும் பயன்படுத்துங்கள், ஏறும்போது கருவியே நீரைக் கலக்கிவிடும். சவ்வு வைத்த பழைய ஆக்சிஜன் மின்முனை சல்ஃபைடு பட்டால் கெட்டுப்போகும், ஒளியால் அளக்கும் உணரியே நல்லது.

கலங்கல் உச்சம் எங்கே என்று தெரிந்தபின்தான் நீர் எடுக்க வேண்டும். வழக்கமான நீர்மாதிரிக் குப்பி அரை மீட்டர் நீளம் இருக்கும். 10 சென்டிமீட்டர் அடுக்கை அது மேல்கீழ் நீரோடு சேர்த்துச் சராசரியாக்கிவிடும். அதைவிட, பம்புக் குழாயின் வாயை இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, நீரைப் பக்கவாட்டில் மெதுவாக இழுப்பது மேல். குழாயில் தங்கியிருக்கும் நீரை மறந்துவிடக் கூடாது. 6 மில்லிமீட்டர் உள்விட்டமும் 15 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் சுமார் 425 மில்லிலிட்டர் நிற்கும். ஒவ்வோர் ஆழத்திலும் அதைப்போல் மூன்று பங்கு, அதாவது 1.3 லிட்டர், கொட்டிவிட்டுப் பிடியுங்கள்.

சல்ஃபைடு மாதிரிக்குக் குப்பியில் முன்கூட்டியே ஜிங்க் அசிட்டேட் ஊற்றி வையுங்கள். குழாயைக் குப்பியின் அடிவரை விட்டு, குமிழியில்லாமல் நிரப்பி மூடுங்கள். முதலில் வடிகட்டிப் பிறகு ஜிங்க் சேர்த்தால் சல்ஃபைடு காற்றில் போய்விடும். சல்ஃபைடை நீல நிறமாக்கி அளக்கும் மெத்திலீன் நீல முறையில் 670 நானோமீட்டரில் படிக்கும்போது நிறம் அளவு மீறினால் நீர்த்துத்தான் படிக்க வேண்டும். ஜிங்க் சேர்க்காமல் இருட்டில் வைத்த குப்பியில் சல்ஃபைடு கூடவும் செய்யும். பாக்டீரியா சேமித்த கிளைக்கோஜனைச் செலவழித்து, உள்ளிருக்கும் கந்தகத்தைத் திரும்பச் சல்ஃபைடாக மாற்றுவதே காரணம். நுண்ணோக்கிப் பார்வையையும் அன்றே முடித்துவிடுங்கள். எத்தனாலில் உலர்த்திய கண்ணாடித் தகட்டில் கந்தக உருண்டைகள் கரைந்து போயிருக்கும்.

நிறமிக்கு, மங்கிய ஒளியில் கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, 7-க்கு 2 என்ற அசிட்டோன், மெத்தனால் கலவையில் ஓர் இரவு குளிரில் ஊறவைத்து, 770 நானோமீட்டர் சுற்றில் படியுங்கள். பாசியின் குளோரோஃபில்லுக்கான 665-ல் மட்டும் படிப்பவர்களுக்கு ஊதா பாக்டீரியா தெரியவே தெரியாது. பச்சை கந்தக பாக்டீரியாவின் நிறமியோ பாசியின் குளோரோஃபில்லாகக் கணக்கில் ஏறிவிடும்.

இந்தக் கவனம் எவ்வளவு அவசியம் என்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள மஹோனி ஏரியைப் பாருங்கள். 18 மீட்டர் ஆழமுள்ள அந்த உப்பேரியில், 7 மீட்டருக்குச் சற்று மேலே, வெறும் 10 சென்டிமீட்டர் தடிமனில் ஊதாத் தகடு ஒன்று நிற்கிறது. அங்கே லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை பாக்டீரியோகுளோரோஃபில் அளந்திருக்கிறார்கள். தகட்டின் மேல் சில சென்டிமீட்டரிலேயே ஒளி தீர்ந்துவிடும்; அடியில் இருப்பவை ஏறக்குறைய இருட்டில் கிடக்கின்றன. இலையுதிர்காலத்தில் அவற்றில் பெரும்பங்கு மேல்நீருக்கு எழும்பி மிதவையுயிர்களுக்கு இரையாகிறது. ஸ்பெயினின் பன்யோலஸ் பகுதியிலுள்ள சிசோ குளத்தில் இரை தேடுபவையே பாக்டீரியாக்கள். 1986-ல் விவரிக்கப்பட்ட வாம்பைரோகாக்கஸ், குரோமேட்டியம் செல்லின் வெளியே ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். டாப்டோபாக்டர் உள்ளே நுழைந்து பெருகும்.

கடான்யோவின் அடுக்கும் என்றைக்கும் ஒன்றுபோல இருந்ததில்லை. 1994 முதல் 2001 வரை, அக்டோபர் மாதிரிகளில் ஒளிச்சேர்க்கை செய்யும் கந்தக பாக்டீரியாக்களில் 70 முதல் 90 சதவீதம் ஊதா வகை. 2000-ல் கீமோக்ளைன் குலைந்தது. 2001-க்குப் பின் வந்த ஆண்டுகளில் ஊதா வகையின் எண்ணிக்கை முன்பிருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது, குளோரோபியம் கிளாத்ராட்டிஃபார்மி என்ற பச்சை வகை 95 சதவீதத்தை எட்டியது. கலங்கல், ஒளி, சல்ஃபைடு எல்லாவற்றின் வரைபடமும் கூடவே மாறின. பத்து ஆண்டுகள் ஒரே மாதத்தில் எடுத்ததால்தான் இந்த மாற்றம் பிடிபட்டது. ஓராண்டு ஜூலையிலும் அடுத்த ஆண்டு அக்டோபரிலும் எடுத்திருந்தால், பருவத்தால் வந்த மாற்றம் எது, ஏரி குலைந்ததால் வந்த மாற்றம் எது என்று பிரித்திருக்கவே முடியாது.