திரையும் தரையும்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. கல்யாணமும் இல்லை, கிரகப்பிரவேசமும் இல்லை. காரைக்குடியில் ஸ்டுடியோக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும் மாதம் இது. குழந்தைகளைப் படம் எடுக்கும் உள் அறையை இன்று காலி செய்தேன்.

முதலில் கழற்றியது, பலூனும் கோட்டையும் அச்சடித்த ஃபிளெக்ஸ். ஐந்து வருஷமாக எல்லாப் பிள்ளைகளும் அதன் முன்னால்தான் உட்கார்ந்தார்கள். அந்தப் படங்களை வரிசையாகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஃபிளாஷ் பட்ட இடத்தில் வெள்ளைத் திட்டு. மடித்து வைத்த கோடுகள் போகவே இல்லை. ஒரு பிள்ளைக்கு உச்சந்தலையிலிருந்தே சிவப்பு பலூன் முளைத்திருக்கிறது. எந்தப் படத்தைத் திறந்தாலும் கண் முதலில் கோட்டைக்குப் போய்விட்டுத்தான் பிள்ளையிடம் வருகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

அதற்குப் பின்னால் மூங்கிலில் சுற்றி வைத்த அப்பாவின் பழைய திரை இருந்தது. படிக்கட்டு, தூண், ஒரு குளம், அன்னம். விரிக்க விரிக்கச் சாயம் உதிர்ந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். ஆள் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால் அந்த ஓவியர் எதையும் வரையவில்லை. தூண் இடது ஓரம், குளம் வலது ஓரம், நடுவில் மங்கலான வானம் மட்டும். “முகத்துக்கு இடம் விட்டுத்தான் வரைவாங்க” என்றார் அப்பா.

26-ம் தேதி கோகுலாஷ்டமி. அதற்குள் புதுத் திரையும் தரையும் தயாராக வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அறை 10 அடி அகலம், 19 அடி நீளம். திரையாகத் தொங்கவிடும் பேப்பர் ரோல் 1.35 மீட்டர், 2.72 மீட்டர் என்று இரண்டு அகலத்தில் வருகிறது. நீளம் 11 மீட்டர். சின்ன அகலம் உட்கார்ந்த பிள்ளைக்குப் போதும். நடக்கத் தெரிந்த பிள்ளை இரண்டே எட்டில் அதைத் தாண்டிவிடும். அதனால் பெரியதையே வாங்கினேன். ஒன்றே ஒன்று, சாம்பல் நிறம்.

ஏன் சாம்பல்? விளக்கிலிருந்து 3 அடியில் பிள்ளை, 6 அடியில் திரை என்றால், திரையில் விழும் வெளிச்சம் பிள்ளைமேல் விழுவதில் கால் பங்குதான். பிள்ளையும் விளக்கும் சேர்ந்து இன்னும் 3 அடி முன்னால் வந்தால் அது ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அப்போது அதே பேப்பர் கரி நிறமாகத் தெரியும். திரைக்கென்று தனியாக ஒரு விளக்கு போட்டால் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு ரோலில் மூன்று நிறம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அக்கா மகள் வந்திருந்தாள். நாலு வயசு, நல்ல மாநிறம். அவளை உட்கார வைத்துப் பின்னால் துணிகளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம்.

வெள்ளைத் துணி முதலில். ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவை ஆட்டோவில் வைத்து எடுத்தேன். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். முன்னால் இவ்வளவு வெள்ளை இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பிள்ளை முகம் இருண்டுபோனது. அப்புறம் ஃபிளாஷ் போட்டு, அளவை நானே வைத்து எடுத்தேன். இப்போது முகத்தின் நிறம் சரியாகவே விழுந்தது. ஆனால் பக்கத்தில் வெள்ளை பளீரென்று நிற்பதால், பார்க்கிற கண்ணுக்கு முகம் இன்னும் கறுப்பாகத்தான் படுகிறது.

இந்த இடத்தில்தான் நாமெல்லாம் தப்பு செய்கிறோம். ஃபோட்டோஷாப்பில் முகத்தை வெளுக்கிறோம். மாநிறப் பிள்ளையை வெளுத்தால் சிவப்பு வராது, சாம்பல் பூசின மாதிரி வரும். கன்னத்தில் இருக்கும் அந்தச் செம்பழுப்பு போய்விடும். “பிள்ளையைக் கொஞ்சம் கலரா எடுத்துக் குடு ஆத்தா” என்று கேட்காத அப்பத்தா இந்த ஊரில் குறைவு. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த ஆசைக்கு இத்தனை வருஷமாக ஸ்டுடியோவில் நாங்களும்தான் தீனி போட்டிருக்கிறோம்.

அடுத்து, அடுப்படியில் கிடந்த பழைய காப்பிக்கொட்டை நிறப் போர்வையைத் தொங்கவிட்டேன். அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “இப்பதான்டி இவ மாதிரி இருக்கா” என்றாள். முகம்தான் படத்திலேயே வெளிச்சமான இடம். தோல் நிறத்தில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

இனிமேல் என் வழி இதுதான். பிள்ளையின் நிறத்தில் கை வைக்கமாட்டேன், திரையை மாற்றுவேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஈரோட்டுக் காடாத் துணி வாங்கி இரண்டு திரை வரைந்தோம். ஒன்று மண் பழுப்பு, இன்னொன்று நீலச் சாம்பல். வரைந்து கொடுத்தவர் முன்பு கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த அண்ணன். ஃபிளெக்ஸ் வந்தபிறகு அவருக்கு அந்த வேலை அநேகமாக நின்றுபோய்விட்டது. துணியை இழுத்துக் கட்டி, பிரைமர் அடித்துக் காயவிட்டு, பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். பிரஷ் இழுத்த கோடு தெரியக்கூடாது, அதற்குத்தான் பஞ்சு. நடுவில் வெளுப்பாகவும் ஓரம் போகப் போக அடர்த்தியாகவும் வரும்படி கேட்டேன். “ஒரு மரமாவது போட்டுத் தரட்டுமா தங்கச்சி?” என்றார், மனசு கேட்காமல். அப்பாவின் திரையைக் காட்டினேன். வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். நடுவில் இருந்த அந்த வெறும் வானத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, மரத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

காய்ந்த பிறகு மடிக்கக்கூடாது. மடித்தால் சாயம் வெடிக்கும். குழாயில் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தரை. இதற்குத்தான் தூக்கம் போகிறது.

கேமராவைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்கினால் தரை ஒரு மெல்லிய பட்டையாகிவிடும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தரையே திரையாகிவிடும். தவழும் பிள்ளைக்கு நான் பாதிப் படங்களை மேலிருந்துதான் எடுக்கிறேன். அப்படியென்றால் இத்தனை நாள் பாதிப் படங்களின் பின்னணியைப் பார்க்காமலே எடுத்திருக்கிறேன்.

பவானி ஜமக்காளம் விரித்துப் பார்த்தேன். அழகுதான், ஆனால் சிவப்புப் பட்டையில் பட்ட வெளிச்சம் மேலே எகிறிப் பிள்ளையின் தாடைக்கடியில் சிவப்பாக ஒட்டுகிறது. எங்கள் வீட்டு ரெட் ஆக்சைடு தரையிலும் இதே கதை. ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம் என்றார் அப்பா. கண்ணாடிமேல் வார்த்து எடுப்பதால் அதன் முகம் வழவழவென்று இருக்கும், விளக்கைக் காட்டும். பூவேலையும் பிள்ளையோடு போட்டி போடும். பெரியவர்களுக்கு அது ராஜ தரை, ஆறு மாசக் குழந்தைக்குச் சரிவராது. கோரைப்பாய் நிறத்துக்கு நன்றாக இருந்தது. அரை மணி உட்கார்ந்து பார்த்தேன், என் முழங்காலிலேயே வரிவரியாக அச்சு விழுந்துவிட்டது.

கடைசியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். இடித்த வீடுகளின் சாமான் விற்கும் கடைகளில் பழைய தேக்குப் பலகை எட்டு கிடைத்தது. ஆசாரி இழைத்து, அடியில் சட்டம் கொடுத்து, தூக்கி நகர்த்துகிற மாதிரி இரண்டு மேடையாக அடித்துத் தருகிறார். பாலிஷ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மேடை வந்துவிட்டது. முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின், ஒரு கை பஞ்சை எடுத்துப் பலகை முழுவதும் இழுத்தேன். சிலாம்பு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டி ஒரு நூல் நிற்கும். பதினோரு இடத்தில் நின்றது. பதினொன்றையும் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்தேன், ஒன்றும் மாட்டவில்லை. அதற்கப்புறம்தான் மனசு ஆறியது.

பலகைக் கோடுகள் கேமராவை நோக்கி ஓடினால் கண்ணைப் பின்சுவர் வரை இழுத்துக்கொண்டு போகிறது. குறுக்காகப் போட்டால் பிள்ளையிடம் நிற்கிறது. குறுக்காகவே போட்டாயிற்று. திரையும் தரையும் சேரும் இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை வைத்து மறைத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. குன்றக்குடியில் மொட்டை போட்டு, நேரே இங்கே வந்த குடும்பம். பதினோரு மாசப் பையன், தலை முழுக்கச் சந்தனம். பழுப்புத் திரைதான் எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைத்திருந்தேன். பொருந்தவில்லை. சந்தனமும் பழுப்பும் ஒரே குடும்பத்து நிறம், தலையின் விளிம்பு திரைக்குள் கரைந்தது. நீலச் சாம்பலைத் தொங்கவிட்டதும் அந்த மொட்டைத் தலை முழு நிலா மாதிரி எழுந்து வந்தது. சந்தனம் காய்ந்து வெடித்த கோடுகள்கூடத் தெரிந்தன. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைக்கட்டுமா என்று அவன் அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கோகுலாஷ்டமி. காலையிலிருந்து பதினேழு கண்ணன், ஆறு ராதை. இன்றைக்குப் பழுப்புத் திரைதான், மயிலிறகின் பச்சையும் நீலமும் அதில்தான் எடுத்துக் காட்டியது. நீலச் சாம்பலில் இறகு காணாமலே போகும்.

மாவரைத்து, தேக்குப் பலகையில் குட்டிக் குட்டியாகக் கண்ணன் பாதம் வரைந்திருந்தேன். கறுத்த மரத்தில் வெள்ளைப் பாதம், விரல் ஐந்தும் எண்ணலாம். மத்தியானம் வந்த ஒன்றரை வயசுக் கண்ணன் புல்லாங்குழலைத் தொடவே இல்லை. குனிந்து, ஒரு பாதத்தின் கட்டைவிரலைத் தன் விரலால் தொட்டு எடுத்து நக்கிப் பார்த்தான். அப்புறம் அடுத்த விரல். நான் வயிற்றை அழுத்திப் படுத்து, கேமராவைப் பலகையிலேயே வைத்து எடுத்தேன். அவன் நெற்றியில் மாவு, பின்னால் ஒன்றுமே இல்லாத பழுப்பு.

அவன் அப்பத்தா கேமராவின் திரையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இதுவே போதும் ஆத்தா, இதைப் பெருசாப் போட்டுக் குடு” என்றார். கலராகப் போடச் சொல்லவில்லை.

பலகை இடுக்கெல்லாம் மாவு ஏறிக் கிடக்கிறது. எறும்பு வருவதற்குள் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். நாளை காலை எட்டு மணிக்கு இரட்டைக் குழந்தைகள்.