கோமீயா ஒருவழியாக வாயில் நின்றது

மூன்று வாரமாக ஸ்பானிஷ் இம்பெர்ஃபெக்தோவோடு, அதாவது முன்பு வழக்கமாகச் செய்ததையும் செய்துகொண்டிருந்ததையும் சொல்லும் இறந்தகாலத்தோடு, மல்லுக்கட்டினேன். நேற்று என் சிறுவயதைப் பற்றிப் பன்னிரண்டு வாக்கியம் எழுதி அனுப்பியதில் டீச்சர் ஒரே இடத்தில்தான் சிவப்புக் கோடு போட்டார். அந்தக் குஷியில் எழுதுகிறேன்.

விகுதிகளைச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆர்’ என்று முடியும் வினைக்கு ‘ஆபா’; ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் இரண்டுக்கும் ‘ஈயா’. நிகழ்காலத்தில் ‘ஹுவேகோ’ என்று குட்டிக்கரணம் போடும் ஹுகார் (விளையாடுதல்) வினைகூட இங்கே சாதுவாக ‘ஹுகாபா’ ஆகிவிடுகிறது.

என் உயிரை வாங்கியது அழுத்தம்தான். ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்லத் தமிழ் வாய்க்குப் பழக்கமில்லை. ‘ஃபமிலியா’வில் கடைசி ‘லியா’ ஒரே அசை. அதே வேகத்தில் ‘கோமீயா’வையும் (சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்) ‘கோம்யா’ என்று ஓட்டிவிடுவேன். இதில் மீ தனி, யா தனி. எழுத்தின் தலையில் சாய்கோடு இருப்பதே அதற்காகத்தான். ‘அப்லாபமோஸ்’ (பேசிக்கொண்டிருந்தோம்) இன்னும் மோசம். ‘அப்லாமோஸ்’ (பேசுகிறோம்) சொல்லிப் பழகிய வாய், கடைசிக்கு முந்தின அசைக்கே ஓடி ‘அப்லபாமோஸ்’ என்னும். கடைசியில் மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னேன்: அ, ப்லா (ஒரு தட்டு), ப, மோஸ். காலையில் இருபது நிமிடம், நாலு நாள். மிருதங்கம் கற்கிறாயா என்று வீட்டில் கேட்டார்கள்.

இந்த இறந்தகாலத்தை எங்கே போடுவது என்பதற்கு ஆங்கில விளக்கத்தைப் பிடித்துத் தொங்கியதுதான் தப்பு. ‘சின்ன வயதில் தெருவில் விளையாடுவேன்’ என்கிறோமே, வடிவம் எதிர்காலம், சொல்வது பழைய வழக்கம். அந்த ‘வேன்’ வரும் இடத்தில் ஹுகாபா. ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், போன் வந்தது’ என்றால் சாப்பாடு கோமீயா. போனுக்கு மட்டும், நடந்து முடிந்ததைச் சொல்லும் மற்ற இறந்தகாலம்.

சிவப்புக் கோடு விழுந்தது ‘மூன்று வருஷம் மதுரையில் வசித்தேன்’ என்பதில். நீண்ட காலமாயிற்றே என்று ‘பிபீயா’ போட்டேன். இத்தனை வருஷம் என்று எண்ணி மூடிவிட்டால் அந்த மற்ற இறந்தகாலமான ‘பிபீ’தானாம். ‘அப்போது மதுரையில் வசித்தேன்’ என்று கதைக்குப் பின்னணி சொன்னால்தான் பிபீயா. தமிழில் இரண்டுக்கும் ‘வசித்தேன்’ போதும் என்பதால் இங்கே தாய்மொழி கைகொடுக்கவில்லை.

பழைய புத்தகக்காரர் ஒருவரிடம் வாங்கிய பயிற்சி நூலில் பாதி விடை பேனாவால் நிரப்பியிருந்தது, அதிலும் பாதி தப்பு! போதாததற்கு அது மெக்சிகோ அச்சு. ‘கோப்ரெதெரிதோ’ என்ற தலைப்பைப் பார்த்து வேறொரு காலம் என்று நினைத்து ஒரு மாலையை வீணாக்கினேன். ஆந்த்ரேஸ் பேயோ என்ற இலக்கண அறிஞர் தம் 1847 இலக்கணத்தில் இதே இம்பெர்ஃபெக்தோவுக்கு வைத்த பெயர் அது. ஸ்பானிஷ் அரச அகாதெமியின் அகராதியில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.

அடுத்து ‘அபீயா கோமீதோ’, அதாவது ‘சாப்பிட்டிருந்தேன்’. அபீயாவும் இதே ஈயா வகைதான் என்பதால் இன்றே தொடங்க ஆசை. ஆனால் செர் (இரு), இர் (போ), பேர் (பார்) என்ற மூன்று விதிவிலக்கில், பேர் தரும் ‘பெயீயா’வை இன்று காலையும் அன்கி என்ற மனப்பாடச் செயலியின் அட்டையில் தப்பாகத்தான் சொன்னேன். டீச்சருக்கு இன்னும் தெரியாது.