நேர்த்தி வைத்தது மாமி, நடந்தது நான்

என் மகனை ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோன இரவு, வெளி வாங்கிலிலிருந்தே மாமி சன்னதியானோடு, அதுதான் தொண்டைமானாற்றுச் செல்வச்சன்னதி முருகனோடு, பேசி முடித்துவிட்டா. பேரன் எழும்பி வந்தால் தாய் அச்சுவேலியிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்து, மடத்தில் பந்தி பரிமாறுவாளாம். தாயிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு பொல்லாப்பும் இல்லை, பிள்ளை" என்றா. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் சைவசமயம் படிப்பிக்கிற ரீச்சர். மாமி சொன்னது, யாழ்ப்பாணத்துச் சித்தர் செல்லப்பா சுவாமி நல்லூர்த் தேரடியில் தன் சீடர் யோகர் சுவாமிக்குச் சொன்ன நாலு வாக்கியத்தில் ஒன்று. அந்த நாலையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் கேட்டுப் புள்ளியும் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வாங்கிலில் அது வெறும் சத்தமாகத்தான் கேட்டது.

பிள்ளை எழும்பினான். சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைப் பார்த்து வைத்தா மாமி. "ஒரு நாள் அன்னதானத்துக்குக் காசைக் கட்டுவம் மாமி, காணாதோ?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கதிர்காமத்துக்கே சன்னதியிலயிருந்துதான் சனம் நடக்குது. உனக்கு உந்தத் துண்டு தூரம் பெரிசோ?"

மாமியும் மகனும் ஓட்டோவில் போய்விட்டார்கள். விடிய வெளிக்கிட வேண்டியவள் சமையலை முடித்து வெளிக்கிட ஒன்பது மணி. முதலில் தேவாரம் பாடிக்கொண்டு நடந்தேன். தார் சுடத் தொடங்கியதும் தேவாரம் நின்றுவிட்டது. றோட்டுக்கரைப் புல்லில் ஏறினால் நெருஞ்சி, இறங்கினால் நெருப்பு. மாமியைத் திட்டினேன், ஒளிப்பானேன், முருகனையும் திட்டினேன். தொண்டைமானாற்றுத் தண்ணீரில் கால் வைத்தபோதுதான் குதிக்காலில் இரண்டு கொப்புளம் இருப்பதே தெரிந்தது.

வாசலில் வழக்கமான கூத்து. அருச்சனைத் தட்டுக்காரன் விலையைச் சொல்லாமலே கையில் திணித்துவிட்டு, பிறகு சொன்ன விலைக்கு இரண்டு தட்டு வாங்கலாம். உள்ளே ஒருவர் போனைத் தலைக்கு மேலே பிடித்து வீடியோ எடுக்கிறார், பின்னுக்கு நிற்கிறவர்களுக்கு வேல் தெரியவில்லை. முழங்கையால் இடித்துத்தான் முன்னே போனேன். நானும் குறைந்தவள் இல்லை.

கேட்க ஒரு பட்டியலே வைத்திருந்தேன். மகனின் உடம்பு, சோதனை, எனக்கு இடமாற்றம், கூரைத் திருத்தம். திரை விலகியது. வாயை வெள்ளைத் துணியால் கட்டியபடி பூசகர் தீபம் காட்டினார். மந்திரம் இல்லை, மணி மட்டும். இத்தனை வருஷம் பார்த்த பூசைதான். அன்றைக்கு என்னவோ, அந்தக் கட்டிய வாயைப் பார்க்க என் வாயும் கட்டுப்பட்டுப் போனது. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "முருகா" என்று கூட வரவில்லை. பக்கத்தில் ஒரு அம்மா "அரோகரா" என்று குளறியபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. என்ன தந்தாயப்பா, கேட்க முதலே எல்லாம் தந்துவிட்டாயே!

மடத்தில் சாம்பார் வாளியைத் தூக்கித் தந்தார்கள். கால் நோவில் குனிய முடியாமல் நின்றபடியே ஊற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது இலையில் இருந்த வயதான ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, கொஞ்சம் குனிஞ்சு ஊத்தம்மா. மேலயிருந்து ஊத்த எங்கட உடுப்பில தெறிக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய வேட்டியில் மஞ்சளாக நாலைந்து பொட்டு. எனக்குக் கூசிப் போனது. வாளியை நிலத்தில் வைத்து, முழங்கால் மடித்து, அவருடைய சோற்றில் திரும்ப ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இலைக்கும் அப்படித்தான். குதிக்கால் கொதித்தது. ஆனால் ஒவ்வொருவரின் முகமும் என் முகத்துக்கு நேரே இருந்தது.

பந்தியின் கடைசியில் மாமியும் மகனும். இரண்டு மாதமாகக் கஞ்சியோடு மல்லுக்கட்டின பிள்ளை, சோற்றுக்கு நடுவில் குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அம்மா, நிறைய விடுங்கோ."

மாமி என் காலைப் பார்த்தா. ஒன்றும் சொல்லாமல் தன் இலையையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினா.