ஃபிலிப் சிட்னியின் பதினான்காவது வரி

ஆங்கிலக் கவிஞர் ஃபிலிப் சிட்னி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நெதர்லாந்தின் ஸுட்ஃபன் போர்க்களத்துத் தண்ணீர்க் குடுவைதான். குண்டடிபட்டவர் தனக்குக் கொண்டுவந்த தண்ணீரை இன்னொரு வீரனுக்குக் கொடுத்தாராம். இதை எழுதிவைத்தவர் அவருடைய பள்ளித் தோழர் ஃபுல்க் கிரெவில். அவர் அந்தக் களத்தில் இல்லை. அவர் எழுதியதும் 1652இல்தான் அச்சேறியது. நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவு: 1586 செப்டம்பர் 22 அன்று தொடைக் கவசம் இல்லாமல் போருக்குப் போனார், தொடையில் குண்டு பாய்ந்தது, புண் அழுகி அக்டோபர் 17 அன்று ஆர்ன்ஹெமில் இறந்தார். வயது 31. இந்த வீரக்கதை அவருடைய கவிதையை மறைத்துவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

1554இல் கென்ட்டின் பென்ஸ்ஹர்ஸ்டில் பிறந்தவர். முதலாம் எலிசபெத்தின் அரசவையில் பெரிய பதவி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ராணி பிரெஞ்சு இளவரசர் அன்ஜூவை மணக்கக் கூடாது என்று ராணிக்கே கடிதம் எழுதினார். அதன்பின் 1580இல் கொஞ்ச காலம் அரசவையை விட்டு விலகி, வில்டனில் தங்கை மேரியின் வீட்டில் இருந்தார். தங்கைக்காக அங்கே எழுதியதுதான் ‘ஆர்கேடியா’ என்ற உரைநடைக் காதல்கதை. முக்கியமான எதையும் அவர் உயிரோடிருந்தவரை அச்சுக்குக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகளாக நண்பர்களிடையே சுற்றியவைதான் எல்லாம்.

அவருடைய உச்சம் ‘ஆஸ்ட்ரோஃபில் அண்ட் ஸ்டெல்லா’: 108 சானெட்டுகள் (பதினான்கு வரிப் பாடல்கள்), 11 இசைப்பாட்டுகள். ஆஸ்ட்ரோஃபில் காதலிக்கும் ஸ்டெல்லாவுக்கு மாதிரி, 1581இல் ரிச் பிரபுவை மணந்த பெனலப்பி டெவரோ. ஆனால் இதை நாட்குறிப்பாகப் படித்தால் பாதி சுவை போய்விடும். பேசுபவன் ஆஸ்ட்ரோஃபில் என்ற பாத்திரம். அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்வதைச் சிட்னி நமக்குக் காட்டிக்கொண்டே போகிறார்.

71ஆம் சானெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு வரிகளில் இரண்டே இயைபுகள், அபபஅ அபபஅ என்று. அது இத்தாலிய முறை. அடுத்த நான்கும் வேறு இரண்டு இயைபுகளில், க-ட-க-ட என்று. கடைசி இரண்டும் தமக்குள் இயைந்த ஜோடி. அந்த ஜோடி இங்கிலாந்து வழக்கம். இந்தக் கலப்பு சிட்னிக்கு மிகவும் பிடித்தது. பதின்மூன்று வரிகளும் ஸ்டெல்லாவின் நற்குணத்தைப் போற்றுகின்றன: அவள் கண்ணில் அறிவுச் சூரியன் ஒளிர்கிறது, அதைக் கண்டு தீமைகள் இரவுப் பறவைகளாக ஓடுகின்றன, அவள் அழகு இதயத்தைக் காதலுக்கு இழுக்க, அவள் நற்குணம் அந்தக் காதலையே நன்மையின் பக்கம் வளைக்கிறது. பதினான்காவது வரியில், ‘ஆனால், ஐயோ, ஆசை இன்னும் கத்துகிறது: எனக்குச் சாப்பாடு கொடு!’ அவ்வளவுதான், பாட்டு முடிந்துவிட்டது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் 248ஆம் பாடலை ஒட்டி எழுதியது இது. அவர் தன் காதலி லாராவின் சாவை எண்ணி நடுங்கினார். சிட்னி பசியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பதின்மூன்று வரிகளை அவர் மனமாரக் கட்டியிருப்பதால்தான் ஒரே வரியில் அது குலைவது நமக்கு உறைக்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது முதல் எட்டு வரிகளை அவசரமாகத் தள்ளிவிட்டால் கடைசி வரி உறைக்காது.

அசை எண்ணிக்கையையும் கவனியுங்கள். பெரும்பாலான பாடல்களில் வரிக்கு பத்து அசை, மெலிந்ததும் வலிந்ததுமாக மாறி மாறி. ஆனால் முதல் பாடலில் பன்னிரண்டு. என்ன எழுதுவதென்று தெரியாமல் தடுமாறுபவனின் பாட்டு அது; வரியும் நீண்டு தடுமாறுகிறது.

எந்தப் பதிப்பைப் படிப்பது என்பதும் முக்கியம். 1591இல் தாமஸ் நியூமன் அனுமதியின்றி அச்சிட்டபோது, ரிச் என்ற பெயரை வைத்து விளையாடும் 37ஆம் பாடல் இல்லை. இசைப்பாட்டுகளையும் சானெட்டுகளிலிருந்து பிரித்துக் கடைசியில் தள்ளிவிட்டார்கள். கதை நகர்வதே அந்த இசைப்பாட்டுகளில்தான். இரண்டாவதில் தூங்கும் ஸ்டெல்லாவைத் திருட்டுத்தனமாக முத்தமிடுகிறான், எட்டாவதில் அவள் மறுத்துவிட்டுப் போகிறாள். பிரித்துவிட்டால் அடுத்து வரும் சானெட்டுகளின் கோபமும் துயரமும் காரணமில்லாமல் தொங்கும். மேரியின் பொறுப்பில் வந்த 1598 பதிப்பில்தான் எல்லாம் தன் இடத்தில் இருக்கிறது. கையில் எடுக்கும் புத்தகத்தில் 63ஆம் சானெட்டுக்கு அடுத்து முதல் இசைப்பாட்டு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது 1598இன் வரிசை.